தாசில்தார் அளந்த பாத்தி

பூண்டு நட்டு முடித்து, கையுறையைக் கழற்றி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். பாத்தியின் நடுவில் தாசில்தார் நின்றுகொண்டிருந்தார்.

தாசில்தார் எங்கள் வீட்டு ஆரஞ்சுப் பூனை. வயது 8, எடை 6 கிலோவுக்குச் சற்று மேல். புதிதாகக் கொத்திய மண் எங்கே இருந்தாலும் ஆஜராகிவிடுவார். ஓரத்திலிருந்து ஓரம்வரை நடந்து அளப்பார். முகர்ந்து பார்ப்பார். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துப் பள்ளம் பறித்து, காரியத்தை முடித்து, மண்ணை மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். அவரை 'அவன், இவன்' என்று சொல்ல இந்த வீட்டில் யாருக்கும் நாக்கு வருவதில்லை.

அன்று நட்டது 36 பல். அவர் போன பிறகு எண்ணிப் பார்த்தால் 4 பல் மண்ணுக்கு மேலே மல்லாந்து கிடந்தன. ஒன்று கிடைக்கவே இல்லை.

பூண்டு விஷயத்தில் எனக்குப் பழைய அவமானம் ஒன்று உண்டு. இந்த வீட்டுக்கு வந்த முதல் வருடம், குளிரெல்லாம் முடிந்து மண் இளகிய பிறகுதான் நட்டேன். செடி என்னவோ நன்றாகத்தான் வளர்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் அடியில் பல்லே பிரியாத ஒற்றை உருண்டை, ஏதோ குட்டி வெங்காயம் மாதிரி. பூண்டுக்குச் சில வாரமாவது நல்ல குளிர் பட்டால்தான் உள்ளே பல் பல்லாகப் பிரியும் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அதனால் இப்போதெல்லாம் மண் உறைவதற்கு மூன்று நான்கு வாரம் முன்னால் நட்டுவிடுகிறேன். வேர் இறங்கிக்கொள்ளும், மற்றதெல்லாம் குளிர் முடிந்த பிறகு. கூர்முனை மேலே, 5 சென்டிமீட்டர் ஆழம், பல்லுக்குப் பல் 15 சென்டிமீட்டர். இருப்பதிலேயே பெரிய பல்லைத்தான் நட வேண்டும். பெரியதைச் சமையலுக்கு ஒதுக்கிவிட்டுச் சிறியதை நடும் கஞ்சத்தனத்தை இரண்டு வருடம் செய்து பார்த்தேன். பூண்டும் அதே கஞ்சத்தனத்தோடுதான் திருப்பிக் கொடுத்தது.

தாசில்தாரைத் தடுக்க முதலில் ரோஜாவிலிருந்து வெட்டிய முள் குச்சிகளைப் பாத்தியின் மேல் பரப்பினேன். அவர் ஒவ்வொரு குச்சியாக மோந்து, இரண்டுக்கும் இடையில் கால் வைத்து, கம்பிமேல் நடப்பவர் மாதிரி நடந்துபோய் அதே இடத்தில் உட்கார்ந்தார். முள் குத்தியது எனக்கு மட்டும்தான். கடைசியில் கோழிக் கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையை மண்மேல் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தேன். வலையின் கண் வழியாகப் பூண்டு முளைத்து வந்துவிடும், பூனையால் தோண்ட முடியாது. இது வெறும் கோபத்தில் செய்ததில்லை. பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம், மண்ணில் அது ஒரு வருடத்துக்கு மேல்கூடத் தாக்குப்பிடிக்கும். கருவுற்ற பெண்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். எனவே கையுறை இல்லாமல் நான் மண்ணைத் தொடுவதில்லை. தாசில்தாருக்கென்று கொட்டகைப் பக்கம் ஒரு சதுரத்தை மணல் கலந்து கொத்தி விட்டிருக்கிறேன். பட்டா போட்டுக் கொடுத்த மாதிரிதான். ஆனால் கொடுத்த நிலத்தில் அவருக்கு ஆர்வமில்லை.

இலையுதிர் காலம் என்ற சொல் ரொம்ப நாளாக எனக்குப் பாடப்புத்தகச் சொல்லாகவே இருந்தது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பெரும்பொழுதை ஆறாகப் பிரித்த நம் ஆட்கள், இலை கொட்டுவதைத் தனியாக ஒரு பருவமாக எண்ணவில்லை. இந்தத் தோட்டத்தில் ஒரு வாரம் வாரியும் கையுமாக நின்றால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வராது. ஒரு மேப்பிள், இரண்டு ஓக், வேலி ஓரத்தில் ஒரு வால்நட். நான்கே மரம். வாரிக் குவித்த இடத்தைத் திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி மூடிவிடும்.

மேப்பிள்தான் முதலில் மாறும். இலையில் மஞ்சள் புதிதாக வருவதில்லை, அது எப்போதும் உள்ளேயே இருப்பது. பகல் குறையக் குறைய மரம் பச்சையத்தை உடைத்து அதிலிருக்கும் சத்தைக் கிளைக்குள் இழுத்துக்கொள்ளும்போது, மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் வேறு கதை. அதை மரம் கடைசி நேரத்தில் புதிதாகத் தயாரிக்கிறது. விழப்போகிற இலைக்குப் போய் எதற்கு இந்த மெனக்கெடல் என்று வருடா வருடம் நினைத்துக்கொள்வேன். காம்பின் அடியில் மெல்லிய அடுக்கு ஒன்று உருவாகி வழியை அடைத்துவிட்டால் ஒரு காற்றுப் போதும். போன வாரம் காற்றே இல்லாத ஒரு காலையில், இரவு விழுந்த உறைபனி வெயிலில் இளகியதும், மேப்பிள் தன் இலையில் பாதியை ஒரு மணி நேரத்துக்குள் உதிர்த்தது. தொடர்ந்து ஒரு சின்னச் சத்தம், யாரோ பக்கத்து அறையில் காகிதம் புரட்டுவதுபோல. குண்டுமணி வாசல்படியில் உட்கார்ந்து ஒவ்வோர் இலைக்கும் தலையை மேலேயிருந்து கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பதாவது இலையில் சலித்துப்போய் உள்ளே வந்துவிட்டாள்.

குண்டுமணி இரண்டாவது பூனை. கறுப்பும் ஆரஞ்சும் திட்டுத் திட்டாகக் கலந்தவள், அதனால்தான் அந்தப் பெயர். இப்படிக் கலந்து வருவது பெரும்பாலும் பெண் பூனைகளில்தான். ஆரஞ்சு நிறத்தைத் தீர்மானிப்பது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, பெண்ணுக்கு அது இரண்டு. கரு சிறியதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றை அணைத்துவிடும். எது அணைந்தது என்பதைப் பொறுத்து அந்த இடம் கறுப்பு அல்லது ஆரஞ்சு. 2025ஆம் ஆண்டில்தான் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து எழுதின. டி.என்.ஏ.வில் ஒரு துண்டு விடுபட்டுப்போனதுதான் காரணமாம். இரண்டு நிற உல்லன் நூலை வைத்துப் பின்னுகிறவளுக்கு இது எளிதில் புரிந்துவிடும். எந்த நூல் மேலே வருகிறதோ அதுதான் தெரியும், மற்றது பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

வாரிய இலையை நான் எரிப்பதில்லை. கொட்டகைக்குப் பின்னால் நான்கு கம்பு நட்டு வலை சுற்றிய ஒரு தொட்டி, அதில் போட்டு மிதித்து, தண்ணீர் தெளித்து, மறந்துவிடுவேன். கம்போஸ்ட் குவியல் மாதிரி இது சூடாகாது. அங்கே வேலை செய்வது பாக்டீரியா, இங்கே பூஞ்சை. ஆறஅமரத்தான் செய்யும். மேப்பிள் இலை ஒரு வருடத்தில் மட்கிவிடும், ஓக் இலைக்கு இரண்டு வருடம் பொறுக்க வேண்டும், அத்தனை தடிப்பு. முந்தின வருடத்து மக்கைத் தோண்டி எடுத்தால் கறுத்து, பொலபொலவென்று, காட்டுக்குள் மழைக்குப் பின் வருமே அந்த வாசம் வரும். சத்து அதில் பெரிதாக இல்லை. ஆனால் களிமண்ணில் கலந்தால் மண் மூச்சுவிட ஆரம்பிக்கும். இந்த முறை பூண்டுப் பாத்திக்கு மூடாக்கும் அதுதான்.

அப்புறம் டேலியா. இது மெக்சிகோ மலைப்பகுதிச் செடி. ஆண்டர்ஸ் டால் என்ற ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளரின் பெயரை 1791இல் இதற்குச் சூட்டினார்கள். பெயர் குளிர் நாட்டுக்காரருடையதாக இருந்தாலும் கிழங்குக்குக் குளிர் ஆகாது. உறைந்த மண்ணில் விட்டால் கூழாகிவிடும். முதல் கடும் உறைபனிக்கு மறுநாள் காலை போய்ப் பார்த்தால், முந்தின நாள் தட்டு அளவு பூ வைத்திருந்த செடி வேகவைத்த கீரைபோலத் தொங்கும். அதுதான் கணக்கு. தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, இரண்டு மூன்று நாள் கழித்து, அடியிலிருந்து ஓரடி தள்ளி முள்கரண்டி மண்வெட்டியை இறக்கி நெம்புவேன். பக்கத்திலேயே குத்தினால் கிழங்கின் கழுத்து முறிந்துவிடும், முறிந்தது மறுபடி முளைக்காது. கண் இருப்பது அந்தக் கழுத்து தண்டோடு சேரும் இடத்தில்தான். தண்டு உள்ளே குழல் மாதிரி இருப்பதால் தண்ணீர் தேங்கி அழுகும், எனவே சில நாள் தலைகீழாக வைத்து வடிய விட வேண்டும். பிறகு மரத்தூள் போட்ட அட்டைப்பெட்டியில் அடுக்கி, குளிர்ச்சியான இருட்டு அறையில் வைக்க வேண்டும்.

அட்டைப்பெட்டி. இந்த வீட்டில் அதைச் சொன்னால் போதும். மூன்று பெட்டி கொண்டுவந்து வைத்து, மரத்தூள் எடுக்கக் கொட்டகைக்குப் போய் வருவதற்குள் ஒன்றில் தாசில்தார், ஒன்றில் குண்டுமணி. பூனைக்கு உடம்பு வேலை செய்யாமல் சும்மா இதமாக இருக்க 30 டிகிரிக்கு மேல் வேண்டும். நமக்குப் போதுமான அறை அதற்குக் குளிர். அட்டை சூட்டைப் பிடித்துக்கொள்ளும், நான்கு பக்கமும் சுவர். வேறென்ன வேண்டும்? வீட்டுக்காரர், "கிழங்கை மூன்றாவது பெட்டியிலேயே போடேன்" என்றார். 14 செடியின் கிழங்கு ஒரே பெட்டியில் எப்படிப் போகும் என்று அவரிடம் கேட்கவில்லை. பழைய பிளாஸ்டிக் வாளி இரண்டு எடுத்துக்கொண்டேன்.

வேலி ஓர வால்நட் மரத்தோடு எனக்குப் பகையும் உண்டு, உறவும் உண்டு. இரண்டாவது வருடம் அதன் அருகே தக்காளி வைத்தேன். காய் பிடிக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக வாடின. தண்ணீர் விட்டேன், இன்னும் வாடின. வால்நட் மரத்தின் வேர், இலை, காயின் பச்சைத் தோல் எல்லாவற்றிலும் ஜுக்லோன் என்ற பொருள் இருக்கிறது, அது தக்காளிக்கு எமன். அந்தப் பச்சைத் தோல்தான் உல்லன் நூலுக்கு என் கைவசம் உள்ளதிலேயே நல்ல பழுப்புச் சாயம் கொடுக்கிறது. தக்காளியைக் கொன்ற கோபம் அந்த நிறத்தைப் பார்த்த அன்று போய்விட்டது.

சாயம் போடுவதில் பெரிய வித்தை இல்லை. கீழே விழுந்து கறுக்க ஆரம்பித்த தோலை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டினால் மை மாதிரி ஒரு திரவம் வரும். நனைத்த நூல்கண்டை அதில் இறக்கி, கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டில் ஒரு மணி நேரம், பிறகு அடுப்பை அணைத்து இரவு முழுக்க அப்படியே. கிளறக் கூடாது. சூடான நூலைச் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் போடவும் கூடாது. கம்பளி இழையின் மேல் செதில் உண்டு, அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டால் நூல் பாயாகிவிடும். வெங்காயச் சருகுச் சாயத்துக்குப் படிகாரம் வேண்டும், 100 கிராம் நூலுக்கு 10 முதல் 15 கிராம். இல்லாவிட்டால் நிறம் சரியாகப் பிடிக்காது. வால்நட்டுக்கு அதுகூட வேண்டாம், தானாகப் பிடித்துக்கொள்ளும். என் விரலிலும்தான். கையுறையில் ஓட்டை இருப்பது தெரியாமல் ஒருமுறை செய்துவிட்டு இரண்டு வாரம் பழுப்பு நகத்தோடு திரிந்தேன். சாயப் பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது என்பதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

அந்தப் பழுப்பு நூல்தான் சென்ற வருடம் வினையானது.

ஒரு சாயங்காலம் சால்வை பின்னிக்கொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து போன். எனக்குப் பின்னல் கற்றுக்கொடுத்தவளே அக்காதான், அதுவும் போனிலேயே. "கண்ணியை எண்ணிட்டு ஊசியை கீழ வைடி, எண்ணாம எழுந்திரிக்காதே" என்பது அவளுடைய முதல் பாடம். அன்று எண்ணிவிட்டுத்தான் எழுந்தேன், 84 கண்ணி. ஆனால் பின்னலை நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போய்விட்டேன். இருபது நிமிடம் பேசிவிட்டு வந்தால் நூல் அறுந்திருந்தது. குண்டுமணி நாற்காலிக்கு அடியில் வாயை மெல்வதுபோல அசைத்துக்கொண்டிருந்தாள். நான் அருகில் போனதும் நிறுத்திவிட்டாள். கண்டிலிருந்து எவ்வளவு போயிருக்கும் என்று எப்படித் தெரியும்? கொஞ்சம் கடித்துத் துப்பியிருப்பாள் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

பூனையால் நூலைத் துப்ப முடியாது. அதன் நாக்கில் நகம் போன்ற பொருளாலான நுண்ணிய முட்கள் வரிசையாக இருக்கின்றன, எல்லாமே தொண்டையைப் பார்த்து வளைந்தவை. மயிரைக் கோதுவதற்கு அருமையான கருவி. நூல் மாட்டினால் போகும் வழி ஒன்றுதான், உள்ளே. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

மறுநாள் காலை அவள் சாப்பிட வரவில்லை. பகலில் இரண்டு முறை வாந்தி. சாயங்காலம் அலமாரியின் கீழ்த்தட்டில், வேட்டி அடுக்கின் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தூக்கி மடியில் வைத்து வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கை விரலால் தூக்கினால், அடியில், ஈறோடு ஈறாக, பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. நூல் நாக்கின் அடியைச் சுற்றி மாட்டியிருந்தது, மீதி தொண்டைக்குள் இறங்கியிருந்தது.

அந்த நேரம் கை தானாக இழுக்கத்தான் போகும். என் கை போனது. நுனியைப் பிடித்தும்விட்டேன். அதற்குள் வீட்டுக்காரர் கால்நடை மருத்துவரைப் போனில் பிடித்துவிட்டார். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது: "எதையும் இழுக்காதீங்க. அப்படியே தூக்கிட்டு வாங்க." ஒரு முனை நாக்கில் மாட்டி மறுமுனை குடலுக்குள் இருந்தால், குடல் அந்த நூலின்மேல் பாவாடை நாடாவில் துணி சுருங்குமே அப்படிக் கொசுவிக்கொண்டிருக்கும். இழுத்தால் நூல் கத்திபோலக் குடலை அறுத்துவிடும். வால் பக்கம் நூல் தொங்கினாலும் இதே விதிதான். இதை மருத்துவர் பிற்பாடு ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். 40 நிமிடப் பயணத்தில் குண்டுமணி ஒரு சத்தம் போடவில்லை. காரில் ஏறினாலே ஊரைக் கூட்டுகிறவள்.

இரவே அறுவைச் சிகிச்சை. குடலை இரண்டு இடத்தில் திறந்து எடுத்தார்கள். மறுநாள் மருத்துவர் ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நூலை என்னிடம் கொடுத்தார். அளந்தேன், 62 சென்டிமீட்டர். ஒரு பூனையின் வயிற்றில் ஒரு நாளுக்கு மேல் இருந்தும் சாயம் கொஞ்சமும் போகவில்லை. அந்த நேரத்திலும் அதைக் கவனித்தேன் என்று அக்காவிடம் சொன்னபோது அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் இருவரும் சிரித்தோம். பிறகு நான் அழுதேன். உறை இன்னும் என் ஊசி டப்பாவில்தான் இருக்கிறது.

அன்றிலிருந்து நூல் எல்லாம் மூடி போட்ட தகர டப்பாவில். பின்னுவது மாடி அறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு. குளிர் காலத்தில் மடியில் பூனை, கையில் பின்னல் என்று படத்தில் பார்ப்பதெல்லாம் இந்த வீட்டில் கிடையாது. நான் உள்ளே பின்னுவேன், கதவுக்கு அடியில் ஒரு கறுப்புக் காலும் ஓர் ஆரஞ்சுக் காலும் மாறி மாறித் துழாவிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒருத்தியுடையதுதான்.

குண்டுமணியைத் திருப்பி அனுப்பும்போது மருத்துவர் பேச்சுவாக்கில் கேட்டார், வீட்டில் லில்லி இருக்கிறதா என்று. இருந்தது. வீட்டோடு வந்த பாத்தி, வெள்ளை லில்லி, வருடா வருடம் தானே வந்து பூக்கும், நான் ஒரு வேலையும் செய்ததில்லை. அவர் முகம் மாறியது. லில்லி முழுக்கவே பூனைக்கு நஞ்சு. இலையைக் கடிக்க வேண்டும் என்றில்லை. மகரந்தம் மயிரில் ஒட்டி அதை நக்கினாலோ, பூ வைத்த ஜாடித் தண்ணீரைக் குடித்தாலோ கூடச் சிறுநீரகம் கெட்டுவிடும், சில நாளில் உயிர் போய்விடும். டே லில்லியும் அப்படித்தான். இத்தனை வருடமும் இந்தப் பூனைகள் அந்தப் பாத்தியில் புரண்டிருக்கின்றன. அந்த வாரமே 11 கிழங்கையும் தோண்டி எடுத்தேன். வேலி ஓரத்து டே லில்லிகளையும் விடவில்லை. கழுத்தில் கூம்புப் பட்டையோடு குண்டுமணி ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அழகான செடிகள். மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்கவில்லை. இங்கே எல்லார் வீட்டிலும் பூனை இருக்கிறது.

அந்த இடத்துக்கு இந்த வருடம் துலிப் வாங்கியிருக்கிறேன். துலிப் கிழங்கும் பூனைக்கு ஆகாது, கடித்தால் வாய் எரியும், வாந்தி வரும். ஆனால் லில்லி மாதிரி ஆளை முடிக்கிற ரகமில்லை. மேலும் அது ஒரு சாண் ஆழத்துக்குள் போய்விடும், மேலே வலை. கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம் என்று கணக்கு. எல்லாவற்றையும்விடக் கடைசியாகத்தான் துலிப்பை நடுவேன். மண் நன்றாகக் குளிர்ந்த பிறகு நட்டால் இலையைக் கருக்கும் பூஞ்சை நோய் குறைகிறது. அதுவரை 40 கிழங்கும் பரண்மேல் மூடிய டப்பாவில்.

மூன்றாவது பூனையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அது வீட்டுப் பூனை இல்லை. கொட்டகையில் இருக்கும் சாம்பல் நிறக் கடுவன், ஒரு காதின் நுனி இல்லை. நான்கு வருடமாகப் பத்தடிக்கு மேல் நெருங்க விட்டதில்லை. கண்ணி வைத்து ஒருமுறை பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு விட்டோம், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை பின்வாசல் மிதியடியில் ஓர் எலியைத் தலை இல்லாமல் வைத்துவிட்டுப் போவான். அதனால் பெயர் வாடகை.

பகல் இப்போது நாளுக்கு மூன்று நிமிடம் போலக் குறைந்துகொண்டே வருகிறது. பூனை உடம்பு அதைக் கவனித்து மயிரை அடர்த்தியாக்கிக்கொள்ளும். வாடகை பார்க்க இரண்டு மடங்கு ஆகிவிட்டான். ஆனாலும் மனசு கேட்காமல் அவனுக்குப் போன வருடம் ஒரு போர்வை பின்னினேன், மிஞ்சிய நூலில், சதுரம் சதுரமாக. தப்பு. துணி ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, குளிரில் பூனையின் சூட்டை உறிஞ்சிவிடும். வெளியில் இருக்கும் பூனைக்கு வைக்கோல்தான் சரி. நீர் ஒட்டாது, உள்ளே புதைந்து படுக்கலாம். இந்த வருடம் முறையாகவே செய்தேன். ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, இடையில் தெர்மாகோல், 15 சென்டிமீட்டரில் ஒரே ஒரு வாசல், காற்று வராத திசையைப் பார்த்து. தரையின் ஈரம் ஏறாமல் அடியில் செங்கல். உள்ளே முக்கால்வாசிக்கு வைக்கோல். வாசலின் விளிம்பு கீறாமலிருக்க ரப்பர் குழாயைப் பிளந்து மாட்டினேன். இரண்டு நாள் வேலை. நானே பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனேன்.

மூன்று நாள் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு கண் பச்சையாக மின்னின. மெதுவாகப் பின்வாங்கி, வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தோம். தாசில்தார்.

வாடகை எங்கே என்று தேடினால், கவிழ்த்து வைத்திருந்த தள்ளுவண்டிக்கு அடியில், நான் இலை மக்கு கட்டி வைத்திருந்த சாக்கின்மேல் சுருண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல ஓடவில்லை. ஒரு கண்ணைத் திறந்தான், மூடிக்கொண்டான். பத்தடி இப்போது ஆறடி ஆகியிருக்கிறது.

சரி, வண்டியை எடுக்க முடியாது. சாக்கைச் சுற்றி இரண்டு கை வைக்கோல் தள்ளிவிட்டு, காற்று வரும் பக்கம் ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருக்கிறேன். ஓக் இலை இன்னும் பாதி மரத்திலேயே இருக்கிறது, கொட்டினதை எல்லாம் பழைய படுக்கை விரிப்பில் கூட்டி, நான்கு முனையையும் முடிந்து, முதுகில் போட்டுத் தொட்டிக்குச் சுமக்கிறேன். நேற்று ஏழு நடை. ஐந்தாவது நடையில் மூட்டை வழக்கத்தைவிடக் கனமாக இருக்கிறதே என்று இறக்கிப் பிரித்தேன். இலைக்குள்ளிருந்து குண்டுமணி எழுந்து, உடம்பை உதறிவிட்டு, மறுபடி விரிப்பின் நடுவில் போய் உட்கார்ந்தாள்.